காற்றாலைகளுக்கு இடையே எவ்வளவு இடம்? – இடைவெளியைக் கற்பிக்கும் ஒரு பாடம்

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி செல்லும் பேருந்தில் ஏறும் நம் மாணவர்களுக்குக் காற்றாலை புதிய காட்சி அல்ல. சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே போவதும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றுச்சூழல் மேலாண்மைப் பாடத்திலும், சமூக அறிவியலில் வளங்கள் பாடத்திலும் காற்றாற்றல் இடம்பெறுகிறது. ஆனால், 'புதுப்பிக்கத்தக்கது, புகை இல்லாதது' என்ற அளவில் வகுப்பில் அது முடிந்துவிடுவதே வழக்கம்.

ஒரே ஒரு கேள்வியை வைத்து இந்தப் பாடத்தை மூன்று பாடவேளைகளுக்கு விரிக்கலாம். காற்று இவ்வளவு வீசும் இடத்தில் காற்றாலைகளை ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்? நெருக்கி வைத்தால் என்ன?

வகுப்பு: 9, 10. பாடங்கள்: அறிவியல், கணிதம்.

கற்றல் விளைவுகள்: காற்றாலைகளுக்கு இடையே இடைவெளி விடுவதன் காரணத்தை மாணவர்கள் விளக்குவார்கள், ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குக் கிடைக்கும் திறனைக் கணக்கிடுவார்கள், கிடை அச்சு, செங்குத்து அச்சுச் சுழலிகளை ஒப்பிடுவார்கள், ஒப்பீட்டுச் சோதனையை நேர்மையாகச் செய்து பதிவு செய்வார்கள்.

தென்னந்தோப்பிலிருந்து தொடங்குவோம்

"தென்னங்கன்றை எத்தனை அடிக்கு ஒன்று நடுவார்கள்?" என்று கேட்டால், நம் பகுதி வகுப்பில் ஒருவராவது "25 அடி" என்று சொல்வார். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 மரங்கள் வரும். நெருக்கி நட்டால் மரங்களின் எண்ணிக்கை கூடும்; ஆனால் வெயிலுக்கும் நீருக்கும் போட்டி வந்து மரத்துக்குக் காய் குறையும்.

இங்கே இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஒரு மரத்துக்கு எத்தனை காய்? ஓர் ஏக்கருக்கு எத்தனை காய்? இரண்டும் வேறு வேறு கேள்விகள். மரத்துக்கு மிக அதிகமாகக் காய் தரும் இடைவெளியே ஏக்கருக்கும் மிக அதிகமாகத் தரும் என்று சொல்ல முடியாது. காற்றாலைக்கும் இதே இரண்டு கேள்விகள் உண்டு. ஓர் இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தருகிறது? ஒரு சதுர மீட்டர் நிலம் எவ்வளவு தருகிறது? பாடம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

காற்று நிழல்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலை தாழ்ந்திருக்கும் இடங்களில் காற்று நெருக்கப்பட்டு வேகமாக நுழைகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் அப்படிப்பட்டவை. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில்தான் கிழக்கே நம் சமவெளியில் காற்றாலைகளும் வேகமாகச் சுற்றுகின்றன என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். காரணம் ஒன்றே என்று இணைத்துக் காட்டினால் போதும்.

காற்றாலை காற்றின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. முழுவதையும் எடுக்க முடியாது. எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. எடுக்கக்கூடிய உச்ச அளவு 59.3 விழுக்காடு என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல நவீனக் காற்றாலைகள் 40 விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கின்றன.

ஆகவே இறக்கைகளைத் தாண்டிப் போகும் காற்று வேகம் குறைந்தும் கலங்கியும் இருக்கும். இதை மாணவர்களிடம் 'காற்று நிழல்' என்று சொல்லலாம். மரத்தின் நிழலில் இன்னொரு செடி வளராததுபோல, இந்த நிழலில் நிற்கும் காற்றாலைக்குக் குறைந்த காற்றே கிடைக்கும். கலங்கல் காற்று இறக்கைகளையும் தாங்கிகளையும் விரைவில் தேய்க்கவும் செய்யும். தூரம் போகப் போக, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேகமான காற்று வந்து கலந்து அந்த நிழல் மறைகிறது. அதற்காகத்தான் இடைவெளி.

இந்தியாவில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட விதி, இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் 5 மடங்கு ஒரு திசையிலும் 7 மடங்கு மற்றொரு திசையிலும் இடைவெளி விடுவது. காற்று வீசும் திசையில் நிழல் நீளமாக விழுவதால் அந்தத் திசையில் 7 மடங்கு. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவை நிறுவுவதற்காக 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை இந்த விதியைத் தளர்த்த இடம் கொடுத்தது.

விட்டம் வெட்டுப்படும் கணக்கு

விட்டம் 80 மீட்டர் உள்ள காற்றாலையை எடுத்துக்கொள்வோம். 5 × 80 = 400 மீட்டர். 7 × 80 = 560 மீட்டர். பெருக்கினால் 2,24,000 சதுர மீட்டர். சுமார் 55 ஏக்கர். ஒரு காற்றாலைக்கு 55 ஏக்கர் என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அவ்வளவு நிலத்தையும் காற்றாலையின் அடித்தளம் அடைத்துக்கொள்வதில்லை. அடுத்த காற்றாலை அதற்குள் வரக்கூடாது என்பதுதான் பொருள் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

"அப்படியானால் பெரிய காற்றாலை வைத்தால் நிலம் மிச்சமாகுமா?" என்று கேட்டு, மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்.

திறன் = ½ × காற்றின் அடர்த்தி × இறக்கை சுழலும் பரப்பு × வேகத்தின் முப்படி × எடுக்கும் பங்கு

காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதில் பாதி 0.6. விட்டத்தை 'வி' என்போம். இறக்கை சுழலும் பரப்பு 0.785 × வி². வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்றால் அதன் முப்படி 512. எடுக்கும் பங்கு 0.4.

திறன் = 0.6 × 0.785 × வி² × 512 × 0.4 = ஏறத்தாழ 96.5 × வி²

தேவைப்படும் நிலம் = 5 வி × 7 வி = 35 × வி²

வகுத்தால் வி² மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது 96.5 ÷ 35 = சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 வாட்.

இந்தப் பாடத்தின் முதல் முடிவு இதுதான். காற்றாலை சிறியதோ பெரியதோ, அதே வேகக் காற்றில், அதே இடைவெளி விதியில், ஒரு சதுர மீட்டர் நிலம் தரும் திறன் மாறாது. பெரிய காற்றாலையின் ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. அது உயரமாக நிற்கிறது. உயரத்தில் காற்று வேகம் அதிகம். வேகம் முப்படியாகப் பெருகுகிறது. இயற்கணிதத்தில் 'வெட்டுப்படுதல்' என்று நாம் அன்றாடம் சொல்லும் செயலுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதை மாணவர்கள் இங்கே பார்க்கிறார்கள்.

நிமிர்ந்து நிற்கும் அச்சு

நாம் சாலையில் பார்ப்பவை கிடை அச்சுக் காற்றாலைகள். அச்சு தரைக்கு இணையாக இருக்கும். காற்றுத் திசைக்கு ஏற்ப முகத்தைத் திருப்பியாக வேண்டும். அச்சைச் செங்குத்தாக நிறுத்திய சுழலிகளும் உண்டு. 1920-களில் பின்லாந்துப் பொறியாளர் சிகர்ட் சவோனியஸ் இரண்டு அரை உருளைகளை எதிரெதிராக வைத்து ஒரு சுழலி செய்தார். அதே காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியஸ் மெல்லிய வளைந்த இறக்கைகளைக் கொண்ட சுழலியை வடிவமைத்தார். இவை எந்தத் திசைக் காற்றிலும் சுழலும். மின்னாக்கியைத் தரையிலேயே வைக்கலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் இவை ஏன் பரவவில்லை? ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மீது விழும் விசை மாறிக்கொண்டே இருப்பதால் உலோகம் களைத்துப்போகிறது. எடுக்கும் பங்கும் பொதுவாகக் குறைவு. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் கேப்-சாட் என்ற ஊரில் 110 மீட்டர் உயரத்தில் ஒரு டாரியஸ் சுழலி 1980-களில் கட்டப்பட்டது. தாங்கிப் பகுதி பழுதாகி 1993-இல் அது நின்றுவிட்டது. ஒரு மரத்துக்கு எத்தனை காய் என்ற கேள்வியில் செங்குத்து அச்சு தோற்றுப்போனது என்று சொல்லலாம்.

மீன் கூட்டத்திலிருந்து ஒரு யோசனை

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஜான் டபிரி. மீன்கள் கூட்டமாக நீந்தும்போது முன்னே போகும் மீனின் வால் வீச்சால் உண்டாகும் சுழல்களைப் பின்னே வரும் மீன்கள் பயன்படுத்திக்கொள்ளும் என்ற கருத்து நீரியக்க ஆய்வில் முன்பே இருந்தது. அதே போலச் சுழலிகளை அடுக்கினால் ஒன்றின் நிழல் மற்றொன்றுக்குக் கெடுதலாக இல்லாமல் உதவியாக மாறுமா என்று அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். 2010-இல் கலிஃபோர்னியாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில், 10 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் விட்டமும் கொண்ட ஆறு செங்குத்து அச்சுச் சுழலிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2011-இல் வெளியாயின.

சோதனையின் முக்கியமான அம்சம், பக்கத்துப் பக்கத்துச் சுழலிகளை எதிரெதிர்த் திசையில் சுழல வைத்தது. இதை விளக்கக் கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் போதும். அதில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஆனால் நடுவில், கரும்பு நுழையும் இடத்தில், இரண்டின் பரப்பும் ஒரே திசையில் நகர்கின்றன. அதுபோல, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சுழலிகளுக்கு நடுவே இறக்கைகள் ஒரே திசையில் நகர்வதால் அங்குள்ள காற்று குறைவாகக் கலங்குகிறது. இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் நடுவில் ஓர் இறக்கை முன்னே போகும், மற்றொன்று பின்னே வரும். காற்று அதிகம் கலங்கும். 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி மாதிரிகள் மூலம் செய்த ஆய்வும், இணையாக வைத்த செங்குத்து அச்சுச் சுழலிகள் ஒன்றின் செயல்திறனை மற்றொன்று 15 விழுக்காடு வரை கூட்ட முடியும் என்றது.

கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம்

செங்குத்து அச்சுச் சுழலியைப் பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு செவ்வகம். ஆகவே பரப்பு = விட்டம் × இறக்கையின் உயரம். உயரத்தை 'உ' என்போம். நான்கு விட்டத்துக்கு ஒன்று வைத்தால் நிலம் = 4 வி × 4 வி = 16 × வி².

பரப்பு ÷ நிலம் = (வி × உ) ÷ (16 × வி²) = உ ÷ (16 × வி)

இப்போது விட்டம் முழுவதும் வெட்டுப்படவில்லை; மேலே உயரம் மிஞ்சுகிறது. ஒல்லியாகவும் உயரமாகவும் செய்தால் அதே நிலத்தில் அதிகக் காற்றைப் பிடிக்கலாம். விட்டம் 1.2 மீட்டர், இறக்கையின் உயரம் 6 மீட்டர் என்றால் விடை 6 ÷ 19.2 = 0.31. கிடை அச்சில் இதே விகிதம் 0.785 ÷ 35 = 0.022. ஏறத்தாழ 14 மடங்கு!

இங்கே நிறுத்திவிட்டால் பாடம் விளம்பரமாகிவிடும். எனவே அடுத்த இரண்டு படிகளையும் மாணவர்கள் போட வேண்டும். செங்குத்து அச்சுச் சுழலி எடுக்கும் பங்கு பாதி, அதாவது 0.2 என்று வைத்தால், 14 மடங்கு 7 மடங்காகிறது. அடுத்தது உயரம். திறந்த சமவெளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கின்படி, 10 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் 80 மீட்டர் உயரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு, 0.74. அதன் முப்படி 0.41. ஆகவே 7 × 0.41 = ஏறத்தாழ 3 மடங்கு.

மூன்று மடங்கும் சிறிய ஆதாயம் அல்ல. ஆனால் இன்னும் ஒரு வரி மீதி இருக்கிறது. ஒரு சுழலிக்கு 4.8 × 4.8 = ஏறத்தாழ 23 சதுர மீட்டர். நாம் பார்த்த 55 ஏக்கரில் 9,700-க்கும் மேற்பட்ட சுழலிகள் நிற்க வேண்டும். அத்தனைக்கும் தாங்கிகள், கம்பிகள், பராமரிப்பு. மேலும் டபிரியின் சோதனையில் இருந்தவை ஆறு சுழலிகள். ஆயிரக்கணக்கில் வரிசை வைத்தால் உள்ளே இருப்பவற்றுக்கு மேலிருந்து இறங்கும் காற்றுதான் கதி. அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆறு சுழலியில் கண்டதை ஆறாயிரத்துக்கு அப்படியே பெருக்கக் கூடாது என்பது அறிவியல் பாடத்தில் கற்பிக்க வேண்டிய பெரிய செய்தி.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை (ஒரு சுழலிக்கு): ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், 14 செ.மீ. விட்டமுள்ள இரண்டு அட்டை வட்டங்கள், நேரான சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, மை தீர்ந்த பேனாவின் குழாய், பேனா மூடி, களிமண் நிரப்பிய டப்பா, வண்ண நாடா.

செய்முறை: பாட்டிலின் தலையையும் அடியையும் நீக்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். இரண்டு அரை உருளைகளையும் மேலிருந்து பார்த்தால் வளைந்த கொக்கிகள் எதிரெதிராகப் பின்னியதுபோல் தெரியுமாறு சற்றே விலக்கி, அட்டை வட்டங்களுக்கு நடுவே ஒட்டுங்கள். மையத்தில் பேனாக் குழாயைச் செருகி, மேல்முனையில் மூடியைப் பொருத்துங்கள். களிமண்ணில் நட்ட கம்பியின் மேல் இதை மாட்டினால் சவோனியஸ் சுழலி தயார். ஓர் ஓரத்தில் வண்ண நாடா ஒட்டி, கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்தால் சுற்றுகளை எண்ணிவிடலாம். வெட்டும் வேலையை ஆசிரியரே செய்வது நல்லது.

சோதனை 1: நிற்கும் மின்விசிறியிலிருந்து 2 மீட்டரில் முன்சுழலி. அதற்குப் பின்னால் 28, 56, 112 செ.மீ. தூரங்களில், அதாவது 2, 4, 8 விட்டத் தூரத்தில், பின்சுழலி. மின்விசிறிக் காற்றே தூரம் போகப் போகக் குறையும். எனவே ஒவ்வோர் இடத்திலும் முன்சுழலியை எடுத்துவிட்டுப் பின்சுழலியை மட்டும் 30 நொடி எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு முன்சுழலியை வைத்து எண்ண வேண்டும். இரண்டையும் வகுத்தால் வரும் விகிதமே நிழலின் அளவு.

சோதனை 2: இரண்டு சுழலிகளும் பக்கத்துப் பக்கத்தில், மையத்துக்கு மையம் 21 செ.மீ. முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் தனியாக எண்ணுங்கள். பிறகு இரண்டும் ஒரே திசையில் சுற்றும்போது. அதன்பின் எதிரெதிராகச் சுற்றும்போது. ஒரு சுழலியின் சுற்றுத் திசையை மாற்ற மூடியைக் கழற்றி, சுழலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறுமுனையில் மூடியைப் பொருத்தி மாட்டினால் போதும். ஏன் திசை மாறுகிறது என்று கேட்டால் அது சமச்சீர் பற்றிய நல்ல கேள்வி.

ஆசிரியர் கவனத்துக்கு மூன்று குறிப்புகள். ஒன்று, சுற்று வேகம் என்பது திறன் ஆகாது. சுமை இல்லாமல் சுற்றும்போது காற்றின் வேகத்தை ஒப்பிடவே அது உதவும். இரண்டு, டபிரி பயன்படுத்தியவை டாரியஸ் வகையைச் சேர்ந்த மெல்லிய இறக்கைகள். நாம் செய்வது சவோனியஸ். மூன்று, இரண்டாவது சோதனையில் எண்கள் எதிர்பார்த்தபடி வராமல் போகலாம். வந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள். 'விடைக்கு ஏற்ற எண்'ணை எழுதும் பழக்கத்தை இந்த இடத்தில்தான் திருத்த முடியும்.

நம் மண்ணில் இந்தக் கேள்வி

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் தமிழ்நாட்டின் காற்றாலைப் பண்ணை தொடங்கியபோது நிறுவியவை 55 கிலோவாட் இயந்திரங்கள். இன்று மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல காற்றுள்ள பல இடங்களில் இன்னும் பழைய சிறிய காற்றாலைகள்தான் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை நிறுவுவதற்கான கொள்கையை மாநில அரசு 2024-இல் வெளியிட்டது. எந்த இயந்திரம், எவ்வளவு இடைவெளி, நடுவில் என்ன என்ற முடிவுகள் நம் மாணவர்கள் வேலைக்குப் போகும் காலத்தில் எடுக்கப்படும்.

இந்தப் பாடத்தின்போது தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "4.8 மீட்டருக்கு ஒன்று நட்டால் டிராக்டர் எப்படி சார் திரும்பும்?" மிகச் சரியான கேள்வி. பெரிய காற்றாலைகளுக்கு நடுவே விட்ட நிலத்தில் மக்காச்சோளம் போடலாம், ஆடு மேய்க்கலாம். நெருக்கமாக நட்ட சுழலிகளுக்கு நடுவே அது கடினம். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வருவதும் இதே நிலத்திலிருந்துதான். சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பதோடு, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கத்தரிக்காய் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பயிர் செய்ய முடியாத மேட்டுநிலம், கட்டடங்களின் மொட்டைமாடி, பெரிய காற்றாலைகளின் அடிப்பகுதி ஆகியவற்றில் செங்குத்து அச்சுக்கு இடம் உண்டா என்பது மாணவர்கள் விவாதிக்க ஏற்ற தலைப்பு. வாய்ப்புள்ள பள்ளிகள் முன் அனுமதி பெற்று, கயத்தாறில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையத்துக்குக் களப்பயணம் செல்லலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. விட்டம் 40 மீட்டர், 100 மீட்டர் உள்ள காற்றாலைகளுக்கு 5 × 7 விதிப்படி தேவைப்படும் நிலத்தை ஏக்கரில் காண்க. (1 ஏக்கர் = 4,047 சதுர மீட்டர்)

2. காற்றின் வேகம் 8 மீட்டரிலிருந்து 6 மீட்டராகக் குறைந்தால் திறன் எத்தனை விழுக்காடு குறையும்?

3. செங்குத்து அச்சுச் சுழலியின் விட்டத்தை மாற்றாமல் உயரத்தை இரு மடங்காக்கினால், நிலத்துக்கான திறன் என்னவாகும்? அப்படிச் செய்வதில் என்ன சிக்கல்கள் வரலாம்?

4. உங்கள் ஊரில் காற்றாலை நிற்கும் நிலத்தில் வேறு என்ன நடக்கிறது? உரிமையாளரிடமோ அங்கு வேலை செய்பவரிடமோ கேட்டு எழுதுக.

நான்காவது வினாவுக்கு ஒரு வார அவகாசம் கொடுங்கள். மாணவர்கள் கொண்டுவரும் விடைகளை ஊர் வாரியாக ஒரு தாளில் தொகுத்தால், அடுத்த ஆண்டு இதே பாடத்தை நடத்தும்போது பயன்படும்.